கேமிங் லேப்டாப் கொள்முதல் கமிட்டி

உலகத்தில் எந்த நல்ல காரியமும் கமிட்டி போடாமல் நடந்ததில்லை. கல்லணை ஒன்றுதான் விதிவிலக்கு. அதையும் கமிட்டி போட்டுக் கட்டியிருந்தால் இன்னும் சிறப்பாக வந்திருக்கும் என்பது தஞ்சாவூர் மானம்பூச்சாவடி அந்தோணிமுத்துவின் கருத்து. வந்திருக்குமா, இன்னும் வந்துகொண்டிருக்குமா என்பது வேறு விஷயம்.

அந்தோணிமுத்து, வாய்க்கால்களுக்குத் தண்ணீர் விடுவது சம்பந்தமான ஓர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு தவறான முடிவுகூட எடுத்ததில்லை. சரியான முடிவும் எடுத்ததில்லை என்று சிலர் சொல்வார்கள். பொறாமைக்காரர்கள். எந்தக் கோப்பு அவர் மேஜைக்கு வந்தாலும் அதில் கேட்பதற்கு அவரிடம் ஒரு கேள்வி இருக்கும். கேள்வியோடு கீழே போன கோப்பு பதிலோடு மேலே வரும். அந்தப் பதிலில் கேட்க இன்னொரு கேள்வி இருக்கும். மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்து சேர்ந்து, பயிர் விளைந்து, அறுப்பும் முடிந்த பிறகு, தண்ணீர் விடலாம் என்று அவர் குறிப்பு எழுதிய வருடங்கள் உண்டு. நிதானம் என்றால் அது நிதானம்.

அப்படிப்பட்டவரின் மகள் லின்சி, கல்லூரியில் கணினி அறிவியல் கடைசி வருடம் படிப்பவள், மாசி மாதத்தில் ஒரு நாள் காலை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொன்னாள்:

“அப்பா, எனக்கு ஒரு கேமிங் லேப்டாப் வேணும்.”

“விளையாடவா?”

“இல்லப்பா. கேம் செய்யறதுக்கு. ஒரு கம்பெனி போட்டி வச்சிருக்காங்க. நம்மளே ஒரு கேம் உருவாக்கி அனுப்பணும். நல்லா இருந்தா வேலையே குடுக்கிறாங்க. மே முப்பத்தொண்ணு கடைசித் தேதி.”

வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருந்தது. துபாய்க்கு வேலைக்குப் போன அண்ணன் ஜெரால்ட் விட்டுப்போனது. அதில் ஒரு மரத்தை வரையச் சொல்லிவிட்டு லின்சி குளித்து, தலை துவட்டி, காப்பியும் குடித்துவிட்டு வந்தால் மரம் வந்திருக்கும். இரண்டு மரம் கேட்டால் அணைந்துவிடும்.

அந்தோணிமுத்துவுக்கு மகள் மேல் உயிர். அவள் கேட்டு எதையும் அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. ‘பார்க்கலாம்’ என்றுதான் சொல்லியிருக்கிறார். இப்போதும் அதைத்தான் சொன்னார். ஆனால் இந்த முறை வெறும் வார்த்தையாகச் சொல்லவில்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் இருந்த நிலத்தின் சம்பாக் குத்தகையை அப்போதுதான் குத்தகைக்காரர் துரைராசு கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் எழுபதாயிரத்தைத் தனியாக எடுத்து ஒரு உறையில் போட்டார். உறைமேல் ‘லின்சி’ என்று எழுதினார். ஒரு தகப்பன் இதற்குமேல் என்ன செய்ய முடியும்? செய்தார். கமிட்டி போட்டார்.

தலைவர் அந்தோணிமுத்து. நிதி ஆலோசகர், பக்கத்து வீட்டுத் தியாகராசன். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கடன் கேட்டு வந்தவர்களைக் கடைசிவரை காக்கவைத்து நல்வழிப்படுத்தியவர். அயல்நாட்டு வல்லுநர், வீடியோ காலில் ஜெரால்ட். உறுப்பினர், மனைவி ஃபிளோரா. டீயும் அவர் பொறுப்பு. லின்சிக்கு ‘சிறப்பு அழைப்பாளர்’ என்ற கௌரவம் வழங்கப்பட்டது. சிறப்பு அழைப்பாளருக்கு எல்லா மரியாதையும் உண்டு, ஓட்டு மட்டும் கிடையாது.

முதல் கூட்டத்தில் லின்சி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். அதில் மூன்றே வரி. கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்க வேண்டும். ரேம் பதினாறு. பிராசஸர் ஆறு கோராவது வேண்டும். மற்றது எப்படி இருந்தாலும் பரவாயில்லை. கீழே ஒரு மாடலின் பெயர், அறுபத்தெட்டாயிரம் என்று விலை.

“ஆறு கோரா?” அந்தோணிமுத்து கண்ணாடியை உயர்த்தினார். “எந்த ஆறும்மா? வெண்ணாறா, வெட்டாறா?”

தியாகராசன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “பதினாறு ரேமு! பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழட்டும் சார் கொழந்தை. ஆனா ஒண்ணு. இவ்வளவு சின்னச் சீட்டை வச்சு எழுபதாயிரத்துக்கு எப்படி சார் முடிவெடுக்கிறது? நான் பேங்க்ல எழுநூறு ரூபா நாற்காலிக்கே நாலு பக்கம் எழுதினவன்.”

இந்த வாதத்தில் இருந்த நியாயம் எல்லோருக்கும் புரிந்தது. சீட்டு சிறியது என்பதால் அது கவனமின்மையின் அடையாளமாகக் கருதப்பட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிக்க ஏகமனதாக முடிவாயிற்று.

பட்டியல் பங்குனி வரை வளர்ந்தது. அந்தோணிமுத்து ஆளுயர வெள்ளைத்தாளை ஒட்டி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். பத்தொன்பது மாடல்கள் நெடுக்கே, குணங்கள் குறுக்கே. எடை, நிறம், திரை, மூடியைத் திறக்கும்போது வரும் சத்தம். துபாயிலிருந்து ஜெரால்ட் தினம் ஒரு விமர்சன வீடியோ அனுப்பினான். திங்கட்கிழமை வீடியோவில் ஒருவர் கைதட்டிப் புகழ்ந்த மாடலை புதன்கிழமை வீடியோவில் அதே ஆள் அதே கையால் தலையில் அடித்துக்கொண்டு திட்டினார்.

“அப்பா, அவசரப்படாதீங்க. அடுத்த மாசம் புது ஜெனரேஷன் வருதாம்” என்றான் ஜெரால்ட்.

“நம்ம ஜெனரேஷனே இன்னும் முடிவாகலையேண்ணா” என்றாள் லின்சி. சிறப்பு அழைப்பாளரின் கருத்து நன்றியுடன் கேட்டுக்கொள்ளப்பட்டது.

ஃபிளோரா மட்டும் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏங்க, அவதான் பேரு எழுதிக் குடுத்துட்டாளே. அதை வாங்கிக் குடுத்தா என்னங்க?”

இவ்வளவு நேரடியான யோசனையை யாரும் எதிர்பார்க்கவில்லை.

“ஃபிளோரா,” என்றார் அந்தோணிமுத்து கருணையோடு, “வாங்கறது பெரிய விஷயமில்லை. வாங்கினது தப்புன்னு நாளைக்கு யாராவது கேட்டா, காட்டறதுக்குக் கையில ஒரு பேப்பர் வேணும்ல.”

யார் கேட்பார்கள் என்று ஃபிளோரா கேட்கவில்லை. முப்பது வருட இல்லறம்.

சித்திரை பிறந்ததும் கள ஆய்வு. தலைவர், நிதி ஆலோசகர், சிறப்பு அழைப்பாளர் மூவரும் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைந்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய விற்பனையாளர் ஓடிவந்தார்.

“கேமிங் லேப்டாப்பா சார்? தம்பி என்ன கேம் விளையாடுவாரு?”

“எனக்குத்தான்” என்றாள் லின்சி.

“ஓ, தம்பிக்காக நீங்க பாக்க வந்தீங்களா மேடம்? நல்லது.” அவர் அந்தோணிமுத்து பக்கம் திரும்பிக்கொண்டார். “என்ன கேம் சார்?”

அந்தோணிமுத்துவுக்கு அது தெரியவில்லை. இரண்டு மாதத்தில் பத்தொன்பது மாடல்களின் மூடிச் சத்தம்வரை கேட்டறிந்தவர், மகள் என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டிருக்கவில்லை. ஆனால் அனுபவசாலி திணறுவதில்லை.

“அது பின்னர் முடிவு செய்யப்படும்” என்றார்.

லின்சி எழுதிக்கொடுத்த மாடலே அங்கே இருந்தது. விலை மூவாயிரம் ஏறியிருந்தது. பட்ஜெட்டைத் தாண்டியது ஆயிரம் ரூபாய். விற்பனையாளர் அதைத் திறந்து காட்டினார். கீபோர்டில் சிவப்பும் பச்சையும் ஓடின. லின்சி விரலை வைத்துப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அந்தோணிமுத்து பார்த்து வெகுநாளாயிற்று. ‘சரி, போட்டுடுங்க’ என்ற வார்த்தை அவர் தொண்டைவரை வந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக வந்ததால் அதற்கு வெளியே வரும் வழி தெரியவில்லை.

அதற்குள் விற்பனையாளர் நேர்மையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். “கேமிங் லேப்டாப்னா கொஞ்சம் சூடாகும் சார். ஏசி ரூம்ல வச்சு யூஸ் பண்ணா ரொம்ப நல்லது.”

தலைவரும் நிதி ஆலோசகரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாத்தீங்களா?” என்றார் தியாகராசன். “சீட்டுல இது இல்லை.”

லின்சி கெஞ்சினாள். “அப்பா, ஃபேன் போட்டா போதும்பா. அடியில ரெண்டு கட்டை வச்சுக்கிறேன்.”

“எழுபதாயிரம் ரூபா சாமான் வெந்து போயிட்டா யாரும்மா பதில் சொல்றது? அடித்தளம் இல்லாம கட்டடம் எழும்பாது. மொதல்ல குளிர்ச்சி. அப்புறம் லேப்டாப்பு.”

அதே கடையின் மாடியில் ஏசிக்குக் கோடைச் சலுகை நடந்துகொண்டிருந்தது. அதுவும் அன்றோடு முடிகிறது. கமிட்டியின் வரலாற்றில் இருபது நிமிடத்தில் எடுக்கப்பட்ட ஒரே முடிவு அதுதான்.

ஏசி வந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் ஏசி கெட்டுவிடும் என்பதால் ஸ்டெபிலைசர் வந்தது. பழைய ஒயர் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் வேம்பு சொன்னதால் புதிய லைன் இழுக்கப்பட்டது. லின்சியின் அறை மேற்கு வெயில் வாங்கும், குளிர்ச்சி வீணாகும் என்பதால், ‘தற்காலிகமாக’ அந்தோணிமுத்துவின் அறையில் ஏசி மாட்டப்பட்டது. லேப்டாப் வைப்பதற்கு ஒரு தேக்கு மேஜையும் செய்தாயிற்று. ஆக, கேமிங் லேப்டாப்புக்குத் தேவையான சகலமும் அந்த வீட்டில் ஆயத்தமாகிவிட்டது. உறையில் மிச்சமிருந்த காசுக்கு லேப்டாப்பின் பை கிடைக்கும்.

வாங்கிய சாதனத்தைச் சோதிக்காமல் விடுவது முறையல்ல. அதனால் தினமும் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தோணிமுத்துவும் தியாகராசனும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். சோதனையின் குறட்டை தெருமுனைவரை கேட்டது.

“லேப்டாப்பு என்னங்க ஆச்சு?” என்று ஃபிளோரா கேட்டார்.

“குறுவைக்கு அப்புறம் குத்தகை வரட்டும். கோப்பு உயிரோடதான் இருக்கு.”

அதன்பிறகு லின்சி லேப்டாப்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஐந்தாவது கூட்டத்தின் குறிப்பில் அந்தோணிமுத்து எழுதினார்: ‘சிறப்பு அழைப்பாளர் தரப்பில் குறை ஏதும் தெரிவிக்கப்படவில்லை.’

மே மாத நடுவில் அயல்நாட்டு வல்லுநர் புதிய யோசனை ஒன்றை அனுப்பினான்: இந்த மெஷின்களை நாள் முழுக்க ஓட்டுகிற ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டும். அந்தோணிமுத்து விசாரித்து, மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஃபாஜில் நடத்தும் கேமிங் சென்டரைக் கண்டுபிடித்தார். ஃபாஜில் அதிராம்பட்டினத்துக்காரர், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், ஆனால் நல்ல மனிதர். மத்தியான வெயிலில் வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார்.

“கேமிங் மெஷினா சார்? வாங்கறதுல ஒண்ணும் இல்ல சார், யார் உக்கார்றாங்க, அதுதான் விஷயம். இங்க காலையில ஒரு பொண்ணு வருது. ஆறு மணிக்கெல்லாம் வந்துடும். நான் பத்து மணிக்குத்தான் பசங்களுக்குக் கடை திறப்பேன். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு அந்த மூலை மெஷின்ல வேலை செய்யும். பதிலுக்கு என் மெஷினையெல்லாம் சரி பண்ணிக் குடுத்துடும். ஒரு கேம் செய்யுது பாருங்க… வாய்க்கால்ல தண்ணி திறந்து வயலுக்குக் கொண்டு போகணும் சார், நாத்து காயறதுக்குள்ள. நானே ரெண்டு நாள் கடை திறக்க மறந்து விளையாடிட்டேன்.”

“வீட்டுல மெஷின் இல்லையா அதுக்கு?” என்றார் அந்தோணிமுத்து.

“அதை ஏன் கேக்கறீங்க. அவங்க அப்பா லேப்டாப் வாங்கறதுக்கு ஏதோ கமிட்டி போட்டிருக்காராம்.”

“பொறுப்பான மனுஷன்” என்று அந்தோணிமுத்து தலையசைத்தார்.

புதாற்றுப் பாலம் வரும்வரை ஸ்கூட்டர் சீராக ஓடியது. பாலத்தின்மேல் தானாக நின்றது. அல்லது அவர் நிறுத்தினார். கீழே ஆறு மணலாகக் கிடந்தது. காலை ஆறு மணிக்கு லின்சி ‘கோயிலுக்கு’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது, ஒரு மாதமாகத் திருப்பலி இவ்வளவு நீளுகிறதே என்று தான் வியந்தது, ஃபிளோரா முகத்தைத் திருப்பிக்கொண்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு வந்தன. உள்ளே ஏதோ ஒன்று உறுத்தியது. அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. எந்தக் கோப்பிலும் அது வந்ததில்லை.

அப்போதே எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு வண்டியைத் திருப்பியிருக்கலாம். தவணைக்குக் கொடுப்பார்கள். திருப்பவும் செய்தார். கொஞ்ச தூரம் போனார். எந்த மாடல் என்று இன்னும் முடிவாகவில்லையே என்பது ஞாபகம் வந்தது. இதை அடுத்த கூட்டத்தில் அவசியம் வைக்க வேண்டும் என்று உறுதி செய்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

லின்சி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் அன்று ஏதோ பரீட்சை. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

“வெயிலா இருக்கேம்மா. கொஞ்ச நேரம் ஏசியில உக்காந்துட்டுப் போயேன்.”

“இருக்கட்டும்பா” என்றாள்.

அடுத்த கூட்டத்தில் விஷயம் வைக்கப்பட்டது. “அதான் ஃபாஜில் கடையில மாற்று ஏற்பாடு நடந்துக்கிட்டிருக்கே சார். அப்புறம் என்ன அவசரம்?” என்றார் தியாகராசன். ஒத்திவைக்கப்பட்டது.

மே முப்பத்தொன்று வந்து போயிற்று. ஆடி மாதம், ஆற்றில் நுரையோடு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது, மின்னஞ்சல் வந்தது. லின்சிக்கு முதல் பரிசு. சென்னையில் வேலை. பரிசு என்னவென்றால், ஒரு கேமிங் லேப்டாப்.

அந்தோணிமுத்து அழுதேவிட்டார். அது உண்மையான அழுகை. மகளின் தலையில் கை வைத்து நெற்றியில் சிலுவை போட்டார். தெருவெல்லாம் கேக் கொடுத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்தார். கமிட்டியின் இறுதிக் கூட்டத்தைக் கூட்டினார்.

பரிசு லேப்டாப் கூரியரில் வந்திருந்தது. ஏசி ஓடியது. தேக்கு மேஜைமேல் அது ஜொலித்தது. மேஜைக்குப் பக்கத்தில் லின்சி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை சென்னைக்கு ரயில். ஜெரால்ட் வீடியோ காலில் கைதட்டினான். தியாகராசன் எழுந்து தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

“அன்னைக்கே அவசரப்பட்டு ஒண்ணை வாங்கியிருந்தோம்னா இன்னைக்கு வீட்டுல ரெண்டு கேமிங் லேப்டாப் சார். எவ்வளவு பெரிய வீண் செலவு! நீங்க பொறுத்தீங்க. இந்தப் பொறுமை யாருக்கு வரும்?”

அந்தோணிமுத்து கூச்சத்தோடு பொன்னாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோப்பில் கடைசிக் குறிப்பை எழுதி எல்லோருக்கும் வாசித்தார்: ‘கமிட்டியின் இடைவிடாத முயற்சியால், செலவு ஏதுமின்றி, உயர்தரக் கேமிங் லேப்டாப் பெறப்பட்டது. கோப்பு முடிக்கப்படுகிறது.’

ஃபிளோரா டீக் கோப்பைகளைச் சத்தமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“அந்த கேமைப் போடும்மா, நாங்களும் பாக்கறோம்” என்றார் தியாகராசன். லின்சி போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி பெட்டிப் பக்கம் போனாள்.

திரையில் ஒரு வாய்க்கால் வந்தது. கரையில் மண்வெட்டியோடு ஒரு பெண். கடைமடையில் நாற்றங்கால் வெளுத்துக்கொண்டே வருகிறது. அதற்குள் ஒவ்வொரு மதகாகத் திறந்து தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும். அந்தோணிமுத்து முதலில் தயங்கி, பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த மதகைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று அவருக்கா தெரியாது? முதல் கட்டம் தாண்டினார். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. “பிரமாதம் சார்!” என்றார் தியாகராசன். தன் மகள் இத்தனை வாய்க்கால்களை எப்போது பார்த்தாள் என்று அந்தோணிமுத்துவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பாசம் பொங்கியது.

கடைசிக் கட்டம். பெரிய மதகு. அதை மறித்துக்கொண்டு ஒரு பெரிய மேஜை. மேஜைக்குப் பின்னால் வழுக்கைத் தலையோடு ஒரு மனிதர், சாந்தமான முகம். அந்தப் பெண் கிட்டே வந்தால் கையை உயர்த்தி நில் என்கிறார். மண்வெட்டியால் அடித்தால் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. மேஜைமேல் கோப்புகள் ஒரு முழம் உயர்கின்றன. இன்னொரு அடி, இன்னொரு முழம். நாற்று காய்ந்துவிட்டது. அந்தோணிமுத்து மறுபடி ஆரம்பித்தார். மறுபடி காய்ந்தது.

“பின்பக்கமா போய் அடிங்க சார்” என்றார் தியாகராசன்.

மூன்றாவது தடவையும் காய்ந்ததும் அந்தோணிமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏசி அறையில் அவருக்கு வேர்த்திருந்தது.

“எப்படிம்மா இவனை ஜெயிக்கிறது?”

லின்சி மடித்துக்கொண்டிருந்த சுடிதாரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அவரை ஜெயிக்க முடியாதுப்பா. கெட்டவர் இல்லை அவரு. அவர்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்காம, பக்கத்து வாய்க்கால் வழியா சுத்திப் போயிடணும்.”

“அப்ப அவரு?”

“அங்கேயே உக்காந்திருப்பாரு. தண்ணி போய்ச் சேர்ந்ததும், தான்தான் விட்டேன்னு எழுதிக்குவாரு.”